ஃப்ரிட்ஜ் கதவில் ஓர் எழுத்து

முனீரா,

ஷக்ஷூகாவுக்கான தக்காளி மசாலா வாணலியில் இருக்கிறது. முட்டையை மட்டும் உடைத்து ஊற்றிக்கொள். உன் தம்பி பத்து மணிக்கு வண்டியோடு வருவான். கால்குலஸ் தேர்வன்று டிராமில் நசுங்காதே. சாவியைக் கீழ்வீட்டு ஜுவைதாவிடம் கொடு.

எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கிறேன் என்று, ஃப்ரிட்ஜ் கதவில் நீ ஒரு வாரமாகப் போட்டுவைத்த கணக்கையெல்லாம் அழித்தது என் தப்புதான். “உனக்கு அது வெறும் கிறுக்கல்தானேடா!” என்று கத்தினாய். அதுதான் உறுத்துகிறது.

லுத்ஃபி

மறந்துவிட்டேன், கிளம்பும்முன் அந்தக் கதவைப் பார். அழித்ததைத் திரும்ப எழுத எனக்குத் தெரியாது. ஆனால் வட்டத்துக்கு இன்டக்ரல் போடும்போதெல்லாம் ஒரே எழுத்தை விட்டுவிட்டு, “ஐயோ, மறுபடியும் ஆர் போச்சே!” என்று நெற்றியில் அடித்துக்கொள்வாயே, அந்த ‘r’ எழுத்தை மட்டும் பெரிதாக எழுதியிருக்கிறேன்.