தீபாவளிக்குள் ஒரு கட்டம்

1.10.2025, புதன்

ஆயுத பூஜை. பட்டறையில் ஸ்பேனர், ஏர் பம்பு, கால் ஆடும் ஸ்டூல் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். போனுக்கும் வைத்தேன். "அதுக்கு எதுக்குங்க?" என்றாள் ராசாத்தி. இந்த வருஷம் என்னைவிட அதிகம் உழைத்தது அதுதானே! யாரும் துடைக்கக் கூடாது என்று உத்தரவும் போட்டேன்.

மகள் அறிவுமதி வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்து மூன்று வாரம். ஹாஸ்டல் போனில் வாரம் ஒரு நிமிஷம் பேசுகிறாள். வெறும் குரல்.

9.10, வியாழன்

மகளோடு வேலை பார்க்கும் காட்டூர் ஜீனத், லீவு முடிந்து திரும்புமுன் வந்தாள். அறிவுமதி கொடுத்தனுப்பிய மடித்த தாள் ஒன்றைத் தந்தாள். உள்ளே, கடைகளில் பணம் அனுப்ப ஒட்டியிருப்பார்களே, அந்த மாதிரி கறுப்பு வெள்ளைக் கட்டம். அங்கே ஹாஸ்டல் பெண்களின் நம்பர் கண்டவன் கைக்குப் போய் ஒரே தொல்லையாம். அதனால் நம்பரே இல்லாமல் நெட்டில் பேசும் ஆப்புக்கு மாறிவிட்டார்களாம்.

"ஆப்புல இந்தக் கட்டத்த ஒரு தடவை காமிச்சா போதும் அங்கிள். வீடியோவுலயே பேசலாம். வேற யாருக்கும் காட்டிடாதீங்க. நானே போட்டுத் தரட்டுமா?"

"எஞ்சினையே பிரிச்சு மாட்டுறவன்மா நான்!" என்றேன். ஆப்பை மட்டும் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

இந்த வாய் இருக்கிறதே.

10.10, வெள்ளி

போன் கட்டத்தைப் பிடிக்கவில்லை. திரையெல்லாம் மஞ்சள் மூட்டம்.

12.10, ஞாயிறு

வெளிச்சம் போதவில்லையோ? மொட்டை மாடிக்குப் போனேன். எனக்கு ராஜகோபுரம் தெரிகிறது. போனுக்குக் கையில் இருக்கும் கட்டம் தெரியவில்லை.

கீழேயிருந்து பஞ்சர் கடை ஸ்தனிஸ்லாஸ்: "என்னண்ணே, கிரகணம் பார்க்கிறீங்களா?"

சட்டென்று தாளைப் பைக்குள் வைத்தேன். யாருக்கும் காட்டக் கூடாதே.

15.10, புதன்

தாள் கசங்கியதுதான் கோளாறு என்று ஜெராக்ஸ் கடையில் கவிழ்த்துக் கொடுத்து லேமினேஷன் போட்டேன். இப்போது கட்டத்துக்குப் பதில் டியூப்லைட் தெரிகிறது.

17.10, வெள்ளி

"அப்பா, இன்னும் சேர்க்கலையா? தீபாவளி அன்னைக்குக் காலையில மட்டும்தான் எனக்கு லீவு." அதற்குள் நிமிஷம் முடிந்தது.

"அவ முகத்தைப் பார்க்காம நான் தலையில எண்ணெய் வைக்க மாட்டேன், சொல்லிட்டேன்" என்றாள் ராசாத்தி.

"ஜீனத்தைக் கூப்பிடட்டுமா?"

"கூப்பிட்டுத்தான் பாருங்களேன், எஞ்சினையே பிரிச்சு மாட்டுறவரு!"

கூப்பிட்டேன். நேற்றே விமானம் ஏறிவிட்டாளாம்.

18.10, சனி

ராசாத்தி பேசவில்லை. சோறு மட்டும் வருகிறது.

19.10, ஞாயிறு

பால்காரர் செல்லக்கண்ணுவின் வண்டி கிளம்பவில்லை. பிளக்கைக் கழற்றினேன். ஒரே கரி. "முதல்ல இதைத் துடைக்கணும்யா, அப்புறந்தான் எஞ்சினைத் திட்டணும்" என்று முப்பது வருஷமாகச் சொல்கிற அதே பிரசங்கம். துடைத்தேன், மாட்டினேன், ஒரே உதையில் கிளம்பியது. அப்படியே நின்றுவிட்டேன்.

போனைத் திருப்பினேன். கேமரா கண் மேல் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். நானே வைத்தது! போனுக்கு நெற்றி எது என்று தெரியாமல் கண்ணில் வைத்திருக்கிறேன். அடப்பாவி — பத்து நாளா அந்தப் புள்ளையக் காக்க வெச்சியேடா!

வேட்டி நுனியால் துடைத்து, தாளுக்கு நேரே பிடித்தேன்.

டொய்ங்.

'அறிவுமதி' என்று எழுத்து. பக்கத்தில் பச்சைப் புள்ளி.

குதித்தேன், நிஜமாகவே. தன் வண்டி கிளம்பியதற்குத்தான் இவ்வளவு சந்தோஷம் என்று செல்லக்கண்ணு நெகிழ்ந்துபோனார். அவருக்கு எதற்கு உண்மை?

20.10, தீபாவளி

காலையில் மகள் வந்தாள். முழு முகம். கொஞ்சம் இளைத்திருக்கிறாள், சிரிப்பு இளைக்கவில்லை.

"அம்மா, முதல்ல எண்ணெய் வைங்க, நான் பார்க்கணும்."

ராசாத்தி கிண்ணத்தில் விரலைத் தோய்த்தாள். தன் தலையில் வைக்கவில்லை. திரையில் தெரிந்த மகளின் உச்சியில் ஒரு சொட்டு வைத்தாள்.

போனில் எண்ணெய்! சொல்ல எனக்கு வாய் ஏது?

9.11, ஞாயிறு

ஸ்தனிஸ்லாஸ் வந்தார். அவர் தம்பியும் அதே ஆப்புக்கு மாறிவிட்டானாம். "நீங்கதாண்ணே இதுல கெட்டிக்காரராம். அண்ணி சொன்னாங்க."

கட்டத்தை அவரையே பிடிக்கச் சொல்லி நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதற்கு முன்னால் அவர் போனை வாங்கி, பின்பக்கம் அழுத்தித் துடைத்தேன்.

"சுத்தமாத்தானே இருக்கு?"

"அனுபவம்" என்றேன்.

உள்ளே ராசாத்திக்கு இருமல் வந்தது.