வேலாத்தாள் முணுமுணுத்த பாட்டு

திருப்பூர்,
ஞாயிறு மதியம்.

அன்பு மகள் மைதிலிக் கண்ணுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் அவிநாசியப்பன் புண்ணியத்தில் நடமாட்டமாக இருக்கிறோம், மும்பையில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறாய் என்றால் எங்களுக்கு அதுவே போதும். குளிர் வந்ததும் அம்மாவுக்கு முழங்கால் வலி கூடிவிட்டது, தைலத்தைத் தேய்த்துக்கொண்டு என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். கம்பெனியில் ஆர்டர் குறைந்துபோய் வாரத்தில் நாலு நாள்தான் வேலை, பாதி மெஷின்கள் துணி போர்த்திக் கிடக்கின்றன. போனில் பேசாமல் இதென்ன கடுதாசி என்று நினைப்பாய். போன் போட்டால் உன் உதவிக்கு இருக்கிற பெண் எடுத்து, மேடம் ரெக்கார்டிங்கில் இருக்கிறார் என்கிறது. நீயே எடுத்தாலும் ஆரோக்கியராஜ் பேரைச் சொன்னதும் வைத்துவிடுகிறாய். கடுதாசியை அப்படி வைக்க முடியாது, கிழித்தால்தான் உண்டு. கிழிப்பதென்றாலும் கடைசி வரைக்கும் படித்துவிட்டுக் கிழி.

இனிமேல் பாட்டுக்குப் பிசிறு என்கிற பேரே வேண்டாம், என் பேரை மட்டும் போட்டுக்கறேன், வெள்ளிக்கிழமை மும்பைக்காரரோடு கையெழுத்து என்று அம்மாவிடம் சொன்னாயாம். அவள் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நான் திட்டுவதற்கு எழுதவில்லை கண்ணு, அந்தப் பேர் எங்கிருந்து வந்தது என்று நினைத்துப் பார்க்கச் சொல்கிறேன். காலேஜ் லீவில் நீயும் ஆரோக்கியராஜும் எங்கள் கம்பெனிக்குப் பிசிறு வெட்ட வருவீர்கள். தைத்த பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டிக்கொண்டே நீ வார்த்தை கட்டுவாய், அவன் கத்தரிக்கோலால் மேசையில் தாளம் தட்டுவான், சூப்பர்வைசர் உங்கள் இரண்டு பேரையும் திட்டுவார். ஆயுத பூஜைக்கு நீங்கள் விளையாட்டாகச் செய்து போட்ட பாட்டைக் கேட்டு முதலாளியே ஆடினார். அது யார் போனிலோ ஏறி ஊரெல்லாம் போனது. அப்புறம் சென்னைக்காரர்கள் கூப்பிட்டார்கள், சினிமா வந்தது, தாராபுரம் பஸ்ஸில் உங்கள் பாட்டு, வெள்ளகோவில் கல்யாண மண்டபத்தில் உங்கள் பாட்டு. படம் ஆரம்பிக்கும்போது பிசிறு என்று பேர் வந்ததைப் பார்த்துத் தியேட்டரில் நானும் அவன் அம்மாவும் அழுதோம். வார்த்தையும் ராகமும் உன்னுடையது, மற்ற சத்தமெல்லாம் அவனுடையது. இதை நீயேதான் டிவியில் சொன்னாய்.

எத்தனை பெரிய பாட்டானாலும் எங்கள் தையல் செக்ஷனில் போட்டுப் பார்க்காமல் வெளியே விட்டதில்லை நீங்கள். சட்டம் போட்டவள் நீ. நம்ம ஊர்க்காரர்களிடம் பாட்டு எப்படி என்று கேட்கவே கூடாதுங்கப்பா, எதைக் கேட்டாலும் நல்லாருக்குதுங்க என்றுதான் சொல்லுவாங்க, மனசு நோகக்கூடாதுன்னு பாப்பாங்க என்று சொல்லிச் சிரிப்பாய். அதனால் நான் பழைய பாட்டுகளுக்கு நடுவில் புதுசைச் சேர்த்து ஸ்பீக்கரில் போடுவேன், யாருக்கும் சொல்ல மாட்டேன், டீ நேரத்துக்குள் யார் வாயிலாவது அது தானாக வந்துவிட்டால் பாட்டு பாஸ். என்னைப் பார்க்க வந்தவன் மாதிரி ஆரோக்கியராஜ் வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பான். ஒரு முணுமுணுப்பு கேட்டதும் ஓடிப்போய் உனக்குப் போன் போடுவான்.

ஆடி மாதம் அவன் லீவில் வந்தபோதும் அப்படித்தான் ஒரு பாட்டைக் கொண்டுவந்தான், நீ எழுதிய அந்தத் தாலாட்டு மாதிரியான பாட்டு. போட்டேன். பஞ்சுத் தூசிக்காக எல்லோரும் வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டுதானே தைக்கிறார்கள், அதற்குள்ளிருந்தே என் பக்கத்து மெஷின் வேலாத்தாள் பாட ஆரம்பித்துவிட்டாள், அவளைப் பார்த்து ஒடிசாப் பெண்கள் இரண்டு பேரும் பிடித்துக்கொண்டார்கள். நான் சந்தோஷமாக வாசலைப் பார்த்தால் அவன் முகம் செத்துப்போய் நிற்கிறான். டீ மணி அடித்ததும் என்னிடம்கூடச் சொல்லாமல் போய்விட்டான். வேறு ஏதோ கவலை என்று இருந்துவிட்டேன். அன்றைக்குத்தான், எங்கிட்ட இனிமே சரக்கு இல்லை, நீ தனியாப் போ என்று உனக்குச் செய்தி அனுப்பியிருக்கிறான். பணம் வந்ததும் அவனுக்குத் திமிர் வந்துவிட்டது என்று நீ நினைத்தாய். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

போன வாரம் பனியன் துணி பின்னுகிற நிட்டிங் கம்பெனிச் சந்தில் ஒரு டெம்போ பின்னால் வந்துகொண்டிருக்கிறது, டிரைவர் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருக்கிறான், முன்னால் ஆரோக்கியராஜ் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடக்கிறான். ஓடிப்போய் இழுத்துவிட்டுத் திட்டினால் என் வாயையே பார்க்கிறான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊட்டுக்குக் கூட்டிவந்து உட்காரவைத்ததும் எல்லாவற்றையும் சொன்னான். வலது காது சுத்தமாகப் போய்விட்டது, இடது காதில் பக்கத்தில் சத்தம் போட்டால்தான் ஏதோ கொஞ்சம். இனித் திரும்பாது என்று கோயமுத்தூர் டாக்டர் சொல்லிவிட்டாராம். இப்போது நிட்டிங் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். அங்க எல்லாருமே கையாலதான் பேசுவாங்க, மெஷின் சத்தத்துல எவனுக்கும் ஒண்ணும் கேக்காது, எனக்கும் அவங்களுக்கும் வித்தியாசமே தெரியாதுப்பா என்று சிரிக்கிறான். அந்தச் சிரிப்பைப் பார்த்து உன் அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். உன்னிடம் சொல்லக் கூடாது என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினான். தெரிஞ்சா அவ என்னை விடமாட்டா, எனக்காகப் பாட்டைக் கெடுத்துக்குவா என்றான். சத்தியத்தை மீறித்தான் எழுதுகிறேன். பாவம் வந்தால் எனக்கு வரட்டும்.

ஆடியில் போட்ட பாட்டை யாருமே பாடவில்லை, அது தோற்றுவிட்டது என்றே இருந்திருக்கிறான். அன்றைக்குப் பாட்டு பாஸ் ஆனதடா, வேலாத்தாள் துணிக்குள்ளேயே பாடினாள், உனக்குத்தான் கேட்கவில்லை என்று கத்திக் கத்திச் சொன்னேன். நம்பவில்லை. வேலாத்தாளையே கூட்டிவந்து சொல்லச் சொன்னேன், அவளும் பாட்டு நல்லாருக்குதுங்க சாமி என்றாள். அவ்வளவுதான், எம் மனசு நோவக்கூடாதுன்னு எல்லாரும் சொல்றீங்க என்று எழுந்து போய்விட்டான். உன் சட்டத்தை என்னைவிட அவன் நன்றாகப் படித்திருக்கிறான். அவள் இன்னமும் அதைத்தான் பாடிக்கொண்டு தைக்கிறாள், எனக்கு ஊசியில் கண் நிற்பதில்லை.

வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடுவதும் போடாததும் உன் இஷ்டம். காது போனவனைக் கூட வைத்துக்கொள் என்று சொல்ல எனக்கு வாயில்லை, உங்கள் தொழில் எனக்குத் தெரியாது. ஆனால் காது போனது ஒரு பக்கம், தோற்றுப்போனோம் என்று நினைத்துக்கொண்டே மிச்ச நாளை அவன் அந்த மெஷின்களுக்கு நடுவில் கழிப்பது எனக்குத் தாங்கவில்லை. நீ பாட்டு விஷயத்தில் பொய் சொல்ல மாட்டாய் என்று அவனுக்குத் தெரியும். எத்தனை முறை நன்றாக இல்லை என்று அவன் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறாய். கையெழுத்துக்கு முன்னால் ஒரு நாள் வந்துவிட்டுப் போ. நேராகச் செக்ஷனுக்கு வா, அவனையும் கூட்டிவந்து நிறுத்துகிறேன்.

பாட்டுக் கேட்கிற அந்த மெஷினைக் காதில் மாட்டிக்கொண்டு தூங்காதே, பக்கத்து நிட்டிங் கம்பெனிச் சத்தத்துக்கு மேல் கேட்கவேண்டும் என்று அவன் ஊட்டில் அந்தக் காலத்திலிருந்தே ராத்திரி பகலாக மாட்டிக்கொண்டுதான் இப்படி ஆனது. தலைக்கு எண்ணெய் வை. நீ நூறு வருஷம் நல்லபடியாக இருக்க வேண்டும், உன் கையும் வாயும் வற்றாமல் இருக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் வேண்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உன் அப்பா,
பூபாலன்.

மறக்காமல் ஒன்று. வேலாத்தாள் பாடுவதை நீ கேட்டு முடித்ததும், கேட்டதை அவன் எதிரில் வெளிச்சத்தில் நின்று சொல். மெதுவாகச் சொல் கண்ணு, உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறான்.