பிளீச்சிங் பவுடர் போட்ட கிணறு

மச்சான்,

இன்று காலை நம் தெருவில் மறுபடியும் பிளீச்சிங் பவுடர் நாற்றம். யாரோ பெரிய ஆபீசர் வருகிறாராம். சாக்கடையின் இரண்டு ஓரமும் வெள்ளைக்கோடு. நடுவில் ஓடும் கறுப்பு கறுப்பாகவே ஓடுகிறது. குளிக்காமல் முகத்துக்கு மட்டும் பவுடர் அடித்துக்கொண்டு கல்யாணத்துக்குக் கிளம்புகிற ஆசாமிதான் நம் பருத்திப்பட்டு.

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்து இன்னொன்று வந்துவிட்டது. நம் சானிட்டரி இன்ஸ்பெக்டர் மட்டும் அப்படியே இருக்கிறார். தொப்பை ஒரு சுற்று கூடியிருக்கிறது. ஊரில் வளர்ந்த ஒரே சுகாதாரம் அதுதான்.

நீ போன அந்த வருஷம் பெரியவர்களுக்கெல்லாம் வாந்தியும் பேதியுமாக இருந்தபோது, பட்டணத்து ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து ஓர் அக்கா ஜீப்பில் வந்து கிணற்றுத் தண்ணீர் எடுத்துப் போவார். அவர் வருகிற தகவல் இன்ஸ்பெக்டருக்கு முதல் நாளே வந்துவிடும். உடனே நம்மைத்தான் கூப்பிடுவார். ஒரு மூட்டை பவுடரைக் கிணற்றில் கொட்ட ஆளுக்கு இரண்டு சமோசா. மூட்டையின் ஒரு முனை உன் கையில், மறுமுனை என் கையில்.

"இத்த தினம் போட்டா இன்னா சார்?" என்று ஒருநாள் கேட்டாய்.

"தினம் போட உங்க தாத்தா இன்னா பேக்டரியா வெச்சிகினு கீறாரு? கொட்டுடா, ஜீப்பு வருது."

அந்த அக்கா கயிற்றில் பாட்டிலைக் கட்டி இறக்கினார். மேலே தூக்கி மோந்து பார்த்தார். முகம் சுருங்கியது. இன்ஸ்பெக்டரை விட்டுவிட்டு நம்மிடம் கேட்டார்: "தம்பிங்களா, தினமும் போடறாங்களா?"

"தினமும் மேடம்! எங்க ஊட்டு சோறே வெள்ளையா கீதுன்னா பாத்துக்கோங்க" என்றாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார்.

கிருமி இல்லை என்று காகிதம் வந்தது. இன்ஸ்பெக்டர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டீக்கடை டீக்கடையாக வாசித்தார். அக்காவும் இவரும் இரண்டு பேருமே ஆய்வாளர்தான் மச்சான். அவர் கிருமியைத் தேடி வந்தார், இவர் ஒளித்து வைத்தார்.

பத்து நாள் கழித்து உனக்கு அரிசி கழுவிய தண்ணீராகப் பேதி போனது. உன் அம்மா ஓடிப்போய் இன்ஸ்பெக்டரிடம் கேட்டார். "காலராவும் இல்ல கீலராவும் இல்லம்மா. காயிதம் கீது பாரு. புள்ள கண்ட பஜ்ஜிய துன்னிருக்கும். சோடா குடு." அந்தக் காகிதத்தை நம்பி மத்தியானம் வரை சோடா குடித்தாய். ஆட்டோவில் ஏற்றும்போது உன் கண் குழிக்குள் போயிருந்தது.

ஆஸ்பத்திரி வார்டில் அதே அக்கா நின்றிருந்தார், நோயாளிகளின் மலத்தைச் சோதனைக்கு எடுக்க. நீதான் முதலில் பேசினாய். "மேடம், அன்னிக்கு பொய் சொன்னேன். நீங்க வர அன்னிக்குதான் கொட்டுவாங்க." பிறகு அவர் கையிலிருந்த குப்பியைக் காட்டி, என்னைப் பார்த்தாய். "மாமே, பள்ளிக்கூடத்துலதான் பெயிலு. இந்தப் பரீட்சையில நான் பாஸு பாரு."

பாஸ்தான். நீ செத்துப்போன நாலாம் நாள் தெரிந்தது. பழைய காலராவுக்கான சோதனையில் பிடிபடாத, அதுவரை யாரும் பார்த்திராத வகைக் காலராக் கிருமியாம். அக்கா இன்ஸ்பெக்டரிடம் சொல்லும்போது நானும் நின்றிருந்தேன். "புது நோய்க்கு ரிஜிஸ்டர்ல கட்டம் இல்லீங்களே மேடம்" என்றார் அந்த மகானுபாவர். உன்னை 'வயிற்றுப்போக்கு' என்ற கட்டத்தில் போட்டு மூடினார். மூளைக்கும் ஒரு கட்டம் இருந்திருந்தால், அவருக்கு அதைக் காலியாக விட்டிருக்க வேண்டும்.

அவரைக் காறித்துப்ப எனக்கு எச்சில் போதாது. ஆனால் மூட்டையின் மறுமுனையைப் பிடித்தவன் நான். அந்த அக்கா கேட்டபோது சிரித்தவனும் நான். அந்தத் துப்பலில் பாதி என் முகத்திலேயே விழுகிறது.

இப்போது வாரம் ஒருமுறை, இன்ஸ்பெக்டர் பல் தேய்ப்பதற்குள், அக்கா கொடுத்த பாட்டிலில் கிணற்றுத் தண்ணீர் எடுத்துவிடுகிறேன். இன்றும் எடுத்தேன். பள்ளிக்கூடப் பையில் புத்தகங்களுக்கு நடுவே நிமிர்த்தி வைத்து, ஆவடியில் பஸ் பிடித்து, சிந்தாமல் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அக்கா ஒவ்வொரு முறையும் மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறார். இன்னும் என்னை நம்பவில்லை. வேண்டாம் மச்சான். அன்று நம்மை நம்பியதுதான் அவர் செய்த ஒரே தப்பு.