படிக்கு அடியில் ஒரு சப்வூஃபர்

மாமா,

நேற்று மத்தியானம் பரணிலிருந்து உங்கள் பழைய சப்வூஃபரை, தம் தம்மென்று அதிருமே அந்த ஸ்பீக்கர் பெட்டியை, இறக்கினோம். முகுந்துக்கு ஹாலில் இருக்கும் ஸ்பீக்கரெல்லாம் போதவில்லையாம். எல்லாவற்றையும் கடாசிவிட்டுப் புதிதாக ஒரு செட் வாங்கப் போகிறான். உங்கள் பேரனாயிற்றே, அந்தப் பைத்தியம் எங்கே போகும்! "அம்மா, இது வெறும் மரப்பெட்டி. காயலான் கடைக்குப் போட்டுடலாம்" என்றான். போடுவதற்கு முன் துடைத்தாவது வைப்போம் என்று ஈரத்துணியை எடுத்தேன். பெட்டியின் பின்பக்கம், தூசிக்கு அடியில், சந்தனமும் அதன் மேல் குங்குமமும் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தன. பெருவிரலால் அழுத்தி, மேலே கொஞ்சம் இழுத்து வைத்த பொட்டு. இந்த வீட்டில் அப்படிப் பொட்டு வைத்தவர் அத்தை ஒருவர்தான். துடைப்பதை நிறுத்திவிட்டேன், மாமா. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. கல்யாணமாகி எனக்கு முதல் நவராத்திரி. ரங்கநாதன் தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த திருநெல்வேலிக்காரர் மகள், மயிலாப்பூரில் உங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்திருந்தேன். உங்கள் பிள்ளை பிடித்த பிடியில் நடந்த கல்யாணம். அத்தை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை, அதுதான் கஷ்டமே. திட்டினால் பதிலுக்கு அழலாம். அவரோ, "ஏன்னா, அவளுக்குக் காப்பி வேணுமான்னு கேளுங்கோ" என்று என்னை வைத்துக்கொண்டே உங்களிடம் கேட்பார். நீங்களும் டிவிக்குப் பின்னால் ஒயர்களுக்கு நடுவிலிருந்து தலையை நீட்டி, "வேணுமாம்மா?" என்பீர்கள்.

பேங்க்கிலிருந்து ஓய்வு பெற்றதும் மற்றவர்கள் கோயில் குளம் என்று போவார்கள். நீங்கள் ரேடியோ, ஸ்பீக்கர் கடைகளைத் தேடி ரிச்சி தெருவுக்குப் போனீர்கள். முதலில் முன்பக்கத்து ஸ்பீக்கர் இரண்டையும் மாற்றினீர்கள். பிறகு நடுவில் ஒன்று, சோபாவுக்குப் பின்னால் இரண்டு. கடைசியில், ஏற்கெனவே இருந்த எட்டு இஞ்ச் சப்வூஃபர் போதாதென்று, பன்னிரண்டு இஞ்சில் ஒன்றை ஆட்டோவில் கட்டிக்கொண்டு வந்து இறக்கினீர்கள். அத்தை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"இது என்னது, அரிசி மூட்டையாட்டம்?"

"அப்கிரேடு."

"அப்கிரேடாம் அப்கிரேடு! மிக்ஸி ஜார் ஒழுகிண்டு கெடக்கு, அதைப் பண்ணுங்கோளேன் அப்கிரேடு. கொலு வைக்கப்போற நேரத்துல இதைக் கொண்டுபோய் எங்க வைக்கறது?"

கடைசியில் இடம் கொலுப்படிக்கு அடியில்தான் கிடைத்தது. பலகைப் படிக்குக் கீழே பொந்து மாதிரி இருந்த இடத்தில் பெட்டியைத் தள்ளி, முன்னால் வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டீர்கள். யார் கண்ணிலும் படாமல் இருந்தால் சரி என்று அத்தையும் விட்டுவிட்டார்.

அதன் பிறகு என்னைப் பிடித்துக்கொண்டீர்கள். "இங்க உக்காரும்மா. இப்ப கேக்கறதா? இல்லையா? சரி, அங்க போய் உக்காரு." ஒரே ஹாலில் ஓரிடத்தில் பேஸ் என்கிற அந்தக் கனத்த சத்தம் நெஞ்சில் இடிக்கும், இன்னோர் இடத்தில் ஒன்றுமே இருக்காது. எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. எங்கே போய் உட்காருவதென்று தெரியாமல் கதவோரம் நின்றுகொண்டிருந்தவள்தானே நான், சொன்ன இடத்திலெல்லாம் உட்கார்ந்து எழுந்தேன். ஜன்னல் பக்கத்துப் பிரம்பு நாற்காலிக்கு வந்ததும், "அதான்! இனிமே இது உன் எடம்" என்று முடிவு கட்டினீர்கள்.

கொலு ஆரம்பித்தது. சாயங்காலம் வருகிறவர்களுக்கெல்லாம் அத்தை குங்குமம் கொடுத்து, வெற்றிலை பாக்கும் சுண்டலும் கொடுத்து அனுப்புவார். எல்லாரும் போன பிறகு அதே தட்டோடு என் நாற்காலிக்கு வருவார். எனக்கும் குங்குமம், எனக்கும் வெற்றிலை பாக்கு. குறையே சொல்ல முடியாது. ஆனால் அது வந்துவிட்டுப் போகிறவர்களுக்குக் கொடுப்பதில்லையா, மாமா? இந்த வீட்டுப் பெண் என்றால் அந்தத் தட்டைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் அல்லவா நிற்க வேண்டும்? வாங்கிக்கொண்டு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். உங்கள் பிள்ளையிடம் சொன்னால், "குடுக்கத்தானே குடுக்கறா?" என்றார். ஆம்பிளைகளுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

அப்போதுதான் மேல் படியில் இருந்த அம்பாள் திரும்பினாள். நேராக வைத்த பொம்மை, சாயங்காலம் பார்த்தால் ஜன்னல் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது. அத்தை ஸ்டூல் போட்டு ஏறிச் சரி செய்தார். மறுநாளும் அதே கதை. நீங்கள் மெதுவாகத் தவில் கேசட் போட்டுவிட்டு, ஒன்றும் அறியாதவர் போலச் சுண்டல் கொறித்துக்கொண்டிருந்தீர்கள். அத்தை அம்பாளைப் பார்த்தார். அம்பாள் பார்க்கும் திசையைப் பார்த்தார். அந்தத் திசையில் பிரம்பு நாற்காலியில் நான் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூடத்தில் அக்கம்பக்கத்து மாமிகள் வேறு. ஏதோ அபசகுனம், பழி நம் தலையில்தான் விழப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தை தட்டை என்னிடம் நீட்டினார். "எழுந்து வா. எல்லாருக்கும் நீயே குடு." அவர் என்னிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. கொடுக்கும்போது அவசரத்தில் கை தவறி ஒரு மாமியின் மூக்கில் குங்குமம் கொட்டியது. அத்தை சிரித்துவிட்டார்.

கொலு முடிந்து பொம்மைகளை எடுக்கிற அன்று நீங்கள் மறுபடியும் அந்தப் பெட்டியைப் போட்டுச் சோதித்துக்கொண்டிருந்தீர்கள். நான் பலகையில் கை வைத்தேன், கிர்ரென்று உதறியது. செட்டியார் பொம்மை என் கண் முன்னாலேயே மெள்ள நகர்ந்தது. "மாமா, அம்பாள் திரும்பினது உங்க வேலையா?" என்று கேட்டேன்.

நீங்கள் வால்யூமைக் குறைத்தீர்கள். "பேஸ் எங்கேர்ந்து வர்றதுன்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா. அதனாலதான் எங்க வேணா வைக்கலாம்னு கடைக்காரனே சொன்னான்" என்றீர்கள். நான் கேட்டதற்கு இது பதிலா? அன்றிலிருந்து கடைசிவரை, நான் அந்தப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் உங்களுக்கு ஏதாவது ஒரு ஒயர் கழன்றுகொள்ளும்.

நீங்கள்தான் செய்தீர்கள் என்று இத்தனை காலமும் நம்பிக்கொண்டிருந்தேன். பாவம் அத்தை, ஏமாந்துபோய் என்னை ஏற்றுக்கொண்டார் என்று உள்ளூர ஒரு உறுத்தல்கூட உண்டு. இப்போது இந்தப் பொட்டு! சரஸ்வதி பூஜைக்கு டிவிக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் பொட்டு வைத்தவர், வேட்டியை விலக்கிப் படிக்கு அடியில் குனிந்து இதற்கும் வைத்திருக்கிறார். அங்கே குனிந்து கை வைத்தவருக்குப் பலகை உதறுவது தெரியாமலா இருந்திருக்கும்? தட்டைக் கொடுத்த பிறகு தெரிந்துகொண்டாரா? இல்லை, முன்பே தெரிந்து, கொடுப்பதற்கு ஒரு சாக்கு கிடைத்ததென்று கொடுத்தாரா? இரண்டு பேரும் சேர்ந்து பேசி வைத்துக்கொண்டு செய்ததா? பெட்டியின் அந்தப் பக்கத்தை அதன் பிறகு எப்போதும் சுவரைப் பார்க்க வைத்தது நீங்கள்தானே? கேட்க நீங்களும் இல்லை, அத்தையும் இல்லை. உங்கள் பிள்ளையிடம் கேட்டால், "என்ன பொம்மை?" என்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முகுந்த் ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறான். கடலோரத்து ஊரூர் குப்பத்துப் பெண். அப்பா படகு வைத்திருக்கிறார். நல்ல துடுக்கு. போன வாரம் வந்தபோது, "ஆன்ட்டி, இன்னா இவ்ளோ அமைதியா கீது உங்க வீடு?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அவள் போன பிறகு, "அவ காப்பியைக் குடிச்சாளாடா?" என்று முகுந்திடம் கேட்டேன். கேட்ட பிறகுதான் அது யார் குரல் என்று உறைத்தது. எனக்குள் அது எப்போது வந்து உட்கார்ந்தது என்று தெரியவில்லை, மாமா. பயமாக இருந்தது.

நாளைக்குக் கொலு. சாயங்காலம் அவள் வருகிறாள். படி கட்டியாகிவிட்டது. பெட்டியைக் காயலான் கடைக்குப் போடக் கூடாது, படிக்கு அடியில் வை என்று முகுந்திடம் சொன்னேன். "ஒயர் குடுக்கணுமாம்மா?" என்றான். வேண்டாம் என்றேன். பொம்மை தானாகத் திரும்பட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. குங்குமத் தட்டைத் தேய்த்து ஜன்னல் பக்கத்து நாற்காலியில் வைத்திருக்கிறேன். ஸ்டூல் போட்டு ஏறி, அம்பாளை அந்தப் பக்கமாக நானே திருப்பிவிட்டேன்.