பையை நோக்கி ஓடும் பிள்ளையின் ரீச்சருக்கு

என் ஆசை ஸ்டெல்லா,

வியாழக்கிழமை காலையில் உம்முடைய தம்பி கொட்டாஞ்சேனையிலிருந்து போன் எடுத்தார். "அக்கா போயிட்டாங்க" என்றார். நான் அவரிடம் என்ன கேட்டேன் தெரியுமா? "ஐயோ தம்பி, எங்க குண்டு வெடிச்சது?" என்று கேட்டேன்.

"குண்டெல்லாம் இல்லங்க. பல்லு விளக்கிட்டு நின்னாங்க. அப்பிடியே விழுந்துட்டாங்க."

எனக்கு விளங்கவேயில்லை. குண்டுமில்லை, துவக்குச் சூடுமில்லை, பிறகெப்படிச் சாவது? இந்தக் கொழும்பில் ஒரு மனுசி சும்மா நின்ற நிலையில் செத்துப்போகலாம் என்பதையே நான் மறந்துபோயிருந்தேன். இன்றைக்கும், நீர் வருகிற பத்து மணியானால் காது வாசல் மணிக்குத்தான் போகிறது.

என் மகள் வாணிக்கு ஓட்டிசம் என்று டொக்டர் சொன்ன நாளில்கூட நான் இப்படித் திகைத்துப் போகவில்லை. அவளுக்கு உலகத்தில் பிடித்தது ஒன்றே ஒன்றுதான்: சொப்பிங் பை. அது சரசரக்க வேண்டும், அவள் காதில் வைத்துக் கேட்க வேண்டும். சோறும் வேண்டாம், பொம்மையும் வேண்டாம், அம்மாவும் வேண்டாம். ஆளில்லாத பையைக் கண்டால் குண்டென்று ஊரே எதிர்ப்பக்கம் ஓடுகிற காலத்தில், என் பிள்ளை மட்டும் அதை நோக்கி ஓடினாள்!

வெள்ளவத்தையில், காலிக்குப் போகும் பெருவீதியோரம் கிடந்த பையொன்றை அவள் தூக்கிய நாளை உமக்குச் சொல்லியிருக்கிறேன். சென்றிப் பொயின்றில் நின்ற ஆமிக்காரப் பொடியன் துவக்கை நிமிர்த்தியபடி "நோனா, ளமயா அல்லகன்ன!" என்று கத்தினான். பிள்ளையைப் பிடிக்கச் சொல்கிறான், நான் ஓடிப்போய்ப் பிடிக்க முந்தி அவள் அதைக் கொட்டிவிட்டாள். பைக்குள் வாழைப்பழத் தோல். சனம் சிதறி ஓடியதைப் பார்த்து அவள் கைதட்டிச் சிரித்தாள்.

அதன் பிறகு வீட்டில் ஒரு பை இல்லை. ஆராவது மறந்துபோய்க் கொண்டுவந்தால், அவள் தொட முந்தி நானும் இவரும் மாமியும் குளறி அடித்துக்கொண்டு பறிப்போம். அவளுக்கோ அது திருவிழா. அப்படிப்பட்ட வீட்டுக்கு நடத்தைப் பயிற்சி ரீச்சர் என்று வந்த நீர், முதல் நாளே கைப்பைக்குள்ளிருந்து ஒரு சொப்பிங் பையை எடுத்தீரே! இது என்ன விசர் என்றுதான் நினைத்தேன்.

"அக்கா, அவளுக்கு ஆசையா இருக்கிறது இது ஒன்னுதான். இதையும் புடுங்கிட்டா எதுக்காக அவ படிக்கணும், எதுக்காக என்னைப் பார்க்கணும்? இத வச்சுக்கிட்டே இன்னொன்னையும் காட்டுவோம். புடிச்சா புடிக்கட்டும். முகத்தைத் திருப்பினா எடுத்துருவோம்" என்றீர்.

பையைச் சரசரக்கச் செய்துவிட்டு, கூடவே வேறொன்றைக் காட்டுவீர். மேளம் காட்டினீர், திருப்பினாள். கலர்ப் பென்சில், பபிள் எல்லாவற்றுக்கும் திருப்பினாள். நான் பொறுமையிழந்து "இவளுக்கு ஒண்டும் ஏறாது, விடும்" என்றேன். நீர் விடவில்லை. "அவளுக்கு வேண்டியது பை இல்ல அக்கா, சத்தம்தான்" என்று சொல்லி, அவளைத் தூக்கிக்கொண்டு நேரே குசினிக்குப் போனீர். எண்ணெயில் கடுகு வெடித்தது. பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த கிழமை "கடுகு வேணும்" என்று வாயைத் திறந்து கேட்டாள். நீரும் நானும் கட்டிப்பிடித்து அழுதோம். பிறகு தேங்காய் துருவுகிற சத்தம், மழை, கடலோர ரெயில். ஒவ்வொன்றாக அவளுடைய உலகத்துக்குள் வந்தன.

இனித்தான் உமக்குத் தெரியாத சங்கதி. செத்தவீட்டுக்கு அவளையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். முன் சீற்றுக்குக் கீழே ஒரு பை, யன்னல் காற்றில் சரசரத்துக்கொண்டிருந்தது. "மேக்க காகெத?" ஆருடையது இதென்று கொண்டக்டர் கத்த, பஸ் முழுக்க எழும்பி நின்றது. நான் பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்தேன். வாணி அந்தப் பையை ஒருக்கால் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, தெளிவாக, "ஸ்டெல்லா வேணும்" என்றாள்.

ஆரோ ஒரு நோனா "அனே, ஏக்க மகே" என்று தன் பையை எடுத்துக்கொண்டார். சனம் திரும்பவும் சீற்றில் இருந்துவிட்டது. என்னால்தான் இருக்க முடியவில்லை. உயிர்போகும் என்று பயந்த அந்தப் பையை என் பிள்ளை வேண்டாமென்று விட்டாள், ஸ்டெல்லா! விட்டுவிட்டு அவள் கேட்டது உம்மை. உம்மைப் பெட்டிக்குள் வைத்திருந்த வீட்டுக்குத்தான் நான் அவளைக் கூட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன்.

அங்கேயும் உம்முடைய விரலைப் பிடித்து இழுத்து அதையே சொன்னாள். செபம் சொன்னவர்கள் நிறுத்திவிட்டார்கள். "என்ன கேக்குது புள்ள?" என்றார் உம்முடைய அம்மா.

ஆசைப்படப் பழக்கினீர். கேட்கவும் பழக்கினீர். கேட்டது கிடைக்காது என்பதை எப்படிப் பழக்குவது? அதைச் சொல்லித்தராமல் ஏனம்மா போனீர்?

ஒன்று மட்டும் வாக்குத் தருகிறேன். நாளைக்குப் பத்து மணிக்கு அவளுக்கு முன்னால் நான் இருப்பேன். பறிக்கவும் மாட்டேன், குளறவும் மாட்டேன். அவள் முகத்தைத் திருப்பினால் எழும்பிப் போய், அடுத்த நாள் திரும்ப வருவேன். இத்தனை ஆசைகள் வந்தும் "அம்மா வேணும்" என்று அவள் இன்னும் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கும்வரை வருவேன்.

வயிற்றில் பிறக்காவிட்டாலும் உம்மைக் கூடப்பிறந்தவளாய் நினைத்த,
வாணியின் அம்மா, உம்முடைய அக்கா.