முகம் தெரியாத படம்

மார்ச் 3

அன்பு வாலுக்கு,

உன் போனை விடுதி வார்டன் பிடுங்கி வைத்திருப்பதால் காகிதத்தில் திட்டுகிறேன். வார்டில் அந்தப் பெரியவர் கையில் ஊசியை முதல் தடவையிலேயே நரம்பில் ஏற்றிவிட்டாய், சந்தோஷம். அதை ஊருக்கெல்லாம் படம் போட்டுக் காட்ட வேண்டுமா?

"முகம் தெரியலையேக்கா, கை மட்டும்தானே" என்றாயாம். அந்தக் கோணல் கட்டைவிரல் அவர் மகளுக்குத் தெரியாதா? படம் கைமாறிக் கைமாறி அவளிடமே போயிருக்கிறது. எட்டு மாத வயிற்றோடு பஸ் பிடித்து அழுதுகொண்டே வந்திருக்கிறாள். அவள் பயப்படுவாள் என்றுதானே மனுஷர் மருத்துவமனையில் சேர்ந்ததையே மறைத்தார்!

பத்தாம் தேதி கல்லூரியில் விசாரணை. உன் நர்சிங் படிப்பே அவர்கள் கையில். மன்னிப்புக் கடிதத்தில் "யார் மனமாவது புண்பட்டிருந்தால்" என்று மழுப்பாதே.

தலையில் அடித்துக்கொண்டு,
அக்கா

மார்ச் 6

அக்காவுக்கு,

திட்டு வந்து சேர்ந்தது. ஒன்று கேட்கிறேன். படத்துக்கு முதலில் இதயம் போட்டது யார்? "என் தங்கச்சி கை தங்கக் கை" என்று எழுதியது யார்? பன்னிரண்டு வருஷ நர்ஸ், உனக்கே உறைக்கவில்லை!

படத்தை யார் யார் பாராட்டினார்கள் என்று எழுதித் தரச் சொல்கிறார்கள். உன் பெயரை எழுதவில்லை. பயப்படாதே.

நேற்று அவர் கட்டிலுக்குப் போனேன். என்னைக் கண்டதும் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். பேசாமல் திரும்பிவிட்டேன்.

வாலு

மார்ச் 8

வாலு,

எரிச்சலாக வருகிறது. பாதி உன்மேல், மீதி என்மேல். படத்துக்கு இதயம் போட்டதை எங்கள் தலைமை நர்ஸிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். "உன்னை நம்பித்தானே பிள்ளைங்கள விட்டேன்" என்றார். மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு போய்விட்டது. அழுதேன்.

என் பெயரை எழுது. அவரிடம் திரும்பப் போ. இந்தத் தடவை வாயைத் திற.

அக்கா

மார்ச் 11

அக்கா,

உன் பெயரைத்தான் முதலில் எழுதினேன். ஆறு மாதம் வார்டுக்குள் கால் வைக்கக் கூடாதாம். படிப்பு தப்பித்தது.

கிளம்பும் முன் அவரிடம் போனேன். "மன்னிச்சிருங்கய்யா. உங்கள ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்" என்றேன்.

"என் கையைப் படம் புடிச்சியே, என் பேரு என்னன்னு சொல்லு பாப்போம்" என்றார்.

தினமும் மருந்துச் சீட்டில் சரிபார்த்த பெயர்தான் அக்கா. வாயில் வரவில்லை. வெட்கமாகப் போய்விட்டது. கடைசியில் அவரே சொன்னார்.

அந்தப் பெயரை உனக்கு எழுத மாட்டேன். கேட்காதே.

வாலு