எல்லப்பனின் காது

சுபானு வருடம், தை 12, இரவு.

இன்று எழுத வேண்டியவை:
1. மதகு திறக்கும் எல்லப்பனின் வேலை என்னால் போனது.
2. மணியக்காரர் வீட்டுக்குப் போய் வந்தது.
3. நாலு பேர் நடுவில் வாய் திறக்க எனக்கு வராது. அது பிறவிக் குணம்.

அயனம்பாக்கம் ஏரித் தண்ணீர் எந்த நாளில் எந்த மடைக்கு என்று ஜாபிதா எழுதுவது நான்தான். இந்த வாரம் கீழ்மடை என்று எழுத வேண்டிய இடத்தில் மேல்மடை என்று எழுதிவிட்டேன். எழுத்தறியாத எல்லப்பனுக்கு அதை நானே வாசித்தும் காட்டினேன். அவன் அப்படியே திறந்துவிட்டான். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் கீழ்மடை வயல்கள் தண்ணீரில்லாமல் வெடித்துவிட்டன.

காலையில் ஏரிக்கரையில் ஊர் கூடியது. "இன்னாடா எல்லப்பா, மேல்மடைக்காரன் கள்ளு வாங்கிக் குட்த்தானா?" என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

"ஐயா எழுத்துல தப்பு வராது சாமி. என் காதுதான் மந்தமா பூட்ச்சி" என்றான் எல்லப்பன். அதை நம்பித்தான் சொன்னான். அவனை வேலையிலிருந்து நீக்கினார்கள். ஜாபிதா என் இடுப்பு மடியில் இருந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பொழுது சாயும்போது மணியக்காரர் வீட்டுக்குப் போனேன். அங்கேயும் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே தவறு என்னுடையது என்று சொல்லிவிட்டேன்.

"இதுக்கா பெரியவரே இப்டி நடுங்கிகினு கீறீங்க? நாளைக்கே அவனை மதகுக்கு வரச் சொல்றேன்" என்றார் மணியக்காரர்.

மேலே மூன்றாவதாக எழுதியது சரியல்ல. மாலையில் வந்த வார்த்தை காலையிலும் வந்திருக்கும். எல்லப்பன் ஒரு பகல் முழுவதும் தன் காதைச் சந்தேகித்துக்கொண்டு இருந்திருக்க வேண்டாம்.